ஒற்றைக் கேபிள் எவ்வளவு சுமக்கும்?

எங்கள் வீவக நான்கறை வீட்டில் எழுதும் மேசை ஒன்றுதான். வாரத்தில் 2 நாள் மனைவி தம் அலுவலக மடிக்கணினியை அதில் வைத்து வேலை செய்கிறார். மற்ற நாள்களில் அது என் இடம். இரவானால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகள் காணொளித் திட்டப்பணியுடன் வந்து உட்கார்ந்துவிடுவாள். மேசையில் 2 திரைகள், ஒரு விசைப்பலகை, ஒரு சுட்டி, ஒரு வெளி வன்தட்டு, இணையக் கம்பி. ஆள் மாறும்போதெல்லாம் ஐந்தாறு கம்பிகளைக் கழற்றிச் செருக வேண்டும்.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. ‘டாக்கிங் ஸ்டேஷன்’, சுருக்கமாக ‘டாக்’ எனப்படும் இணைப்புப் பெட்டி. திரை, விசைப்பலகை, வன்தட்டு எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் நிரந்தரமாகச் செருகிவிடலாம். பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு ஒரே ஒரு கேபிள் மட்டும் போகும். யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த ஒரு கேபிளைச் செருகினால் போதும்.

ஆண்டிறுதி மலிவு விற்பனையில் நான் ஒன்றை வாங்கினேன். “13 துளைகள்” என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரே வாரத்தில் 3 புகார்கள் வந்தன.

“என்னங்க, காலையிலிருந்து செருகியே இருக்கு. பேட்டரி ஏற மாட்டேங்குது, இறங்குது” என்றார் மனைவி.

“அப்பா, ரெண்டு ஸ்கிரீன்லயும் ஒரே படம்தான் வருது” என்றாள் மகள்.

என் புகார் மூன்றாவது. புதிய 4கே திரையில் சுட்டியை நகர்த்தினால் அது சேற்றில் நடப்பதுபோல் இழுத்துக்கொண்டு வந்தது.

பெட்டி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன். ஆனால், விவரத்தாளை ஒருமுறை பொறுமையாகப் படித்தபோது புரிந்தது. பெட்டியில் பழுதே இல்லை. துளைகளை எண்ணிய நான், அந்த 13 துளைகளுக்கும் வழிவிடும் ஒற்றைக் கேபிளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஒரே முகம், பல குணம்

மடிக்கணினியை ஒரு நிலையத்தில் பொருத்தி மேசைக் கணினியாக மாற்றும் எண்ணம் பழையது. 1992ல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘பவர்புக் டுவோ’ மடிக்கணினியை ‘டுவோ டாக்’ என்ற பெட்டிக்குள் முழுவதுமாகச் செருக முடிந்தது. அந்தக் காலத்து டாக்குகளில் ஒரு சங்கடம் இருந்தது. அவை அந்தந்த நிறுவனத்தின் மடிக்கணினிக்கு மட்டுமே பொருந்தும். கணினியை மாற்றினால் டாக்கையும் மாற்ற வேண்டும்.

இந்தப் பூட்டை உடைத்தது யுஎஸ்பி. 1996ல் அதன் முதல் பதிப்பு வெளியானது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் அஜய் பட், அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அதன் உச்ச வேகம் அப்போது விநாடிக்கு 12 மெகாபிட். 2000ல் வந்த யுஎஸ்பி 2.0 அதை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. 2008ல் யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தைத் தந்தது. அது பின்னர் 10, 20 என்று வளர்ந்தது.

2014ல் ‘யுஎஸ்பி-சி’ வந்தது. தலைகீழாகச் செருகினாலும் வேலை செய்யும் அந்தச் சிறிய நீள்வட்ட வாய்க்குள் 24 ஊசிகள் இருக்கின்றன. தரவு, திரைப்படம், மின்சாரம் மூன்றும் அதன் வழியே போக முடியும். இன்றைய டாக்குகளுக்கு உயிர் கொடுத்தது இதுதான்.

குழப்பத்தைக் கொண்டுவந்ததும் இதுதான். யுஎஸ்பி-சி என்பது வாயின் வடிவத்துக்கு வைத்த பெயர். வேகத்துக்கு வைத்த பெயர் அன்று. ஒரே வடிவத் துளை ஒரு கணினியில் 480 மெகாபிட் வேகத்தில் இயங்கலாம், இன்னொன்றில் 40 கிகாபிட் வேகத்தில் இயங்கலாம். ஒன்றில் திரை தெரியும், மற்றொன்றில் தெரியாது. ஒன்றில் மின்னூட்டம் ஏறும், மற்றொன்றில் ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இதே வாயைப் பயன்படுத்தும் இன்னொரு குடும்பம் தண்டர்போல்ட். இன்டெல் உருவாக்கிய இந்தத் தொழில்நுட்பம் 2011ல் ஆப்பிள் மடிக்கணினிகளில் முதலில் வந்தது. 2015ல் தண்டர்போல்ட் 3, யுஎஸ்பி-சி வடிவத்துக்கு மாறி 40 கிகாபிட் வேகத்தை எட்டியது. 2020ல் வந்த தண்டர்போல்ட் 4ன் வேகமும் அதே 40தான். ஆனால், அது குறைந்தபட்சத் தகுதியை உயர்த்தியது. அந்த முத்திரை பெற்ற கணினி இரண்டு 4கே திரைகளை இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2023ல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5, இரு திசைகளிலும் 80 கிகாபிட் வரை போகும். திரைகளுக்கு அதிகம் தேவைப்பட்டால் ஒரு திசையில் 120 வரை ஒதுக்கும்.

2019ல் அறிவிக்கப்பட்ட ‘யுஎஸ்பி4’ தண்டர்போல்ட் 3ஐ அடிப்படையாகக் கொண்டது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. யுஎஸ்பி4 என்ற பெயருக்கு 20 கிகாபிட் இருந்தாலே போதும், 40 கட்டாயமில்லை. ஆகவே பெயரோடு நின்றுவிடாமல், பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும்.

நான்கு தடச் சாலை

சுட்டி ஏன் சேற்றில் நடந்தது? இதற்கு விடை அந்த 24 ஊசிகளுக்குள் இருக்கிறது.

யுஎஸ்பி-சி கேபிளுக்குள் அதிவேகத் தரவுக்கென 4 தடங்கள் இருக்கின்றன. தீவு விரைவுச்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண யுஎஸ்பி-சி டாக்கில் திரைக்கான படமும் கோப்புகளுக்கான தரவும் இந்த 4 தடங்களையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பெரும்பாலான டாக்குகள் 2 தடங்களைத் திரைக்கும் 2 தடங்களைத் தரவுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன.

இப்போது சின்னக் கணக்கு. 4கே திரையில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. இவற்றைப் பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட். முழு எச்டி திரைக்கு இதில் கால் பங்கு, அதாவது 3 கிகாபிட் போதும்.

படத்தைக் கொண்டுசெல்லும் முறைக்கு டிஸ்பிளேபோர்ட் என்று பெயர். அதன் 1.2 பதிப்பில் 2 தடங்கள் சேர்ந்து சுமப்பது 8.64 கிகாபிட். 12 தேவைப்படும் இடத்தில் 8.64தான் இருக்கிறது. கணினி என்ன செய்யும்? திரையை அணைக்காது. புதுப்பிப்பதை 60 முறையிலிருந்து 30 முறையாகக் குறைத்துக்கொள்ளும். படம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால், சுட்டியும் உருளும் எழுத்துகளும் தத்தித் தத்தி வரும். நாள் முழுவதும் பார்த்தால் கண் களைத்துப்போகும்.

டிஸ்பிளேபோர்ட் 1.4 பதிப்பில் அதே 2 தடங்கள் 12.96 கிகாபிட் சுமக்கும். 4கே படம் 60 முறை என்ற வேகத்தில் மயிரிழையில் நுழைந்துவிடும். ஆனால், கணினி, டாக் இரண்டிலும் அந்தப் பதிப்பு இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் பயனில்லை.

சில மலிவான டாக்குகள் வேறு வழியைப் பிடிக்கின்றன. 4 தடங்களையும் திரைக்கே கொடுத்துவிட்டு, தரவை யுஎஸ்பி 2.0 என்ற ஒற்றையடிப் பாதைக்கு அனுப்பிவிடுகின்றன. திரை அழகாக ஓடும். வன்தட்டு நத்தையாகிவிடும்.

தண்டர்போல்ட் மற்றும் 40 கிகாபிட் யுஎஸ்பி4 டாக்குகளில் இப்படித் தடங்களைப் பிரிப்பதில்லை. படம், தரவு இரண்டையும் சிறு பொட்டலங்களாக்கி ஒரே 40 கிகாபிட் குழாயில் அனுப்புகின்றன. இரண்டு 4கே திரைகளுக்கு ஏறத்தாழ 25 கிகாபிட் போனாலும், வன்தட்டுக்கும் இணையத்துக்கும் 15 அளவில் மிஞ்சும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் இதற்குத்தான்.

இரண்டு திரை, ஒரே படம்

மகளின் புகாருக்குக் காரணம் வேறு. நான் வாங்கிய பெட்டி, ஒரு படத் தடத்தை உள்ளேயே இரண்டாகப் பிரித்து 2 திரைகளுக்கு அனுப்பும் வகை. இந்த முறையை எம்எஸ்டி என்பார்கள். விண்டோஸ் கணினிகள் இதைப் புரிந்துகொண்டு 2 திரைகளிலும் வெவ்வேறு படம் காட்டும். ஆப்பிளின் மேக்ஓஎஸ் இதை அந்த விதத்தில் ஆதரிப்பதில்லை. எனவே 2 திரைகளிலும் ஒரே படம்தான் வரும்.

மேக் பயனாளர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கணினியின் சில்லு எத்தனை வெளித்திரைகளை இயக்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. எம்1, எம்2 சில்லுகள் கொண்ட மேக்புக் ஏர் ஒரு வெளித்திரையை மட்டுமே இயக்கும். எம்3 ஏர் 2 திரைகளை இயக்கும், ஆனால் மடிக்கணினியின் மூடி மூடியிருக்க வேண்டும். எம்4 ஏர், மூடி திறந்திருக்கும்போதே 2 திரைகளை இயக்கும். விலை உயர்ந்த தண்டர்போல்ட் டாக்கை வாங்கினாலும் இந்த வரம்பு மாறாது. சில்லில் இல்லாததைப் பெட்டியால் தர முடியாது.

இந்த வரம்பைச் சுற்றிப்போக ஒரு வழி உண்டு. ‘டிஸ்பிளேலிங்க்’ என்ற தொழில்நுட்பம். இது திரைப்படத்தை மென்பொருளால் சுருக்கி, சாதாரணத் தரவாகவே அனுப்பிவைக்கும். டாக்கில் உள்ள சில்லு அதை விரித்துத் திரைக்குத் தரும். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் இது போதும். காணொளித் தொகுப்பு, விளையாட்டு ஆகியவற்றுக்கு அவ்வளவாகச் சரிப்படாது. மேக்கில் இதைப் பயன்படுத்தும்போது பாதுகாக்கப்பட்ட சந்தாக் காணொளிகள் கறுப்பாகத் தெரியலாம்.

இதற்கென ஓர் இயக்கி மென்பொருளையும் நிறுவ வேண்டும். அலுவலகம் தந்த கணினியில் நாமாக மென்பொருள் நிறுவப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. இத்தகைய டாக்கை வாங்குமுன் அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மின்சாரக் கணக்கு

மனைவியின் பேட்டரி இறங்கியதற்குக் கழித்தல் கணக்கே காரணம். நான் வாங்கிய பெட்டிக்குச் சொந்த மின்னூட்டி கிடையாது. நம்மிடம் இருக்கும் மின்னூட்டியை அதில் செருகினால், அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கணினிக்குத் தரும். வீட்டில் கிடந்த 45 வாட் மின்னூட்டியைச் செருகியிருந்தேன். இத்தகைய பெட்டிகள் தமக்கென 10 முதல் 15 வாட் வரை ஒதுக்கிக்கொள்வது வழக்கம். மிஞ்சியது 30 வாட். மனைவியின் மடிக்கணினியோடு வந்த மின்னூட்டி 65 வாட். பிறகு எப்படி ஏறும்?

யுஎஸ்பி-சி வழியே மின்சாரம் அனுப்பும் முறை நீண்ட காலம் 100 வாட்டோடு நின்றது. 2021ல் அந்த வரம்பு 240 வாட்டாக உயர்ந்தது. விளையாட்டுக்கான பெரிய மடிக்கணினிகள் சில 100 வாட்டுக்கும் மேல் கேட்கும். எனவே டாக் விவரத்தாளில் 2 எண்களைத் தேடுங்கள். ஒன்று, மின்னூட்டியின் மொத்தத் திறன். மற்றொன்று, கணினிக்குப் போய்ச் சேரும் திறன். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் முதல் எண். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. உங்கள் மடிக்கணினியோடு வந்த மின்னூட்டியின் அடிப்பக்கத்தில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ, அதற்குக் குறையாமல் இருந்தால் சரி.

டாக்கோடு வரும் மின்னூட்டியில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நாள் முழுவதும் செருகியே இருக்கப்போகும் பொருளில், வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து வந்த முத்திரையில்லாத மின்னூட்டியை நம்ப வேண்டியதில்லை. வேலை செய்யும்போது டாக் சூடாவது இயல்பு. அதை இழுப்பறைக்குள் அடைத்தோ மடிக்கணினிக்கு அடியில் வைத்தோ பயன்படுத்தாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் அதற்குக் காற்று வேண்டும்.

கேபிளும் ஒரு கருவிதான்

டாக்கோடு வந்த கேபிள் குட்டையாக இருக்கிறதே என்று, கைப்பேசியோடு வந்த நீளமான கேபிளை மாற்றிச் செருகுபவர்கள் பலர். மின்னூட்டத்துக்கென வரும் அத்தகைய கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு மட்டுமே கம்பி கொண்டவை. செருகியதும் மின்னூட்டம் ஏறும், திரை வராது.

40 கிகாபிட் வேகத்துக்குச் சாதாரணக் கேபிள் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் வரைதான் தாங்கும். அதற்குமேல் நீளம் வேண்டுமானால், உள்ளே சமிக்ஞையை வலுப்படுத்தும் மின்னணுச் சில்லு கொண்ட கேபிளை வாங்க வேண்டும். 2 மீட்டர் வரை அப்படிக் கிடைக்கிறது. டாக் குட்டைக் கேபிளோடு வருவது கஞ்சத்தனத்தால் அன்று, இயற்பியலால்.

மின்சாரத்திலும் இதே கதை. 60 வாட்டுக்குமேல் அனுப்ப வேண்டுமானால், “நான் இவ்வளவு தாங்குவேன்” என்று கருவிகளிடம் சொல்லும் சிறு அடையாளச் சில்லு கேபிளுக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டாக் 60 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். சான்றிதழ் பெற்ற புதிய கேபிள்களில் வேகமும் வாட் அளவும் முத்திரையாகவே அச்சிடப்பட்டிருக்கும். தண்டர்போல்ட் கேபிளில் மின்னல் அடையாளமும் 3, 4 அல்லது 5 என்ற எண்ணும் இருக்கும்.

வேகம் யாருக்கு வேண்டும்?

100 கிகாபைட் காணொளிக் கோப்புகளை நகலெடுப்பதாக வைத்துக்கொள்வோம். யுஎஸ்பி 2.0 வழியாகப் போனால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். 5 கிகாபிட் துளையில் நல்ல எஸ்எஸ்டி வட்டு இருந்தால் ஏறத்தாழ 4 நிமிடம். 10 கிகாபிட் துளையில் 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால், உங்களிடம் இருப்பது சுழலும் தட்டு கொண்ட பழைய வகை வன்தட்டு என்றால், எந்தத் துளையில் செருகினாலும் கால் மணி நேரம் ஆகத்தான் செய்யும். தட்டு சுழலும் வேகமே அங்கே எல்லை. அதற்காக அதிவேக டாக் வாங்குவது வீண்செலவு.

இணையமும் அப்படித்தான். சிங்கப்பூரில் 10 கிகாபிட் அகன்ற அலைவரிசைச் சேவை வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. நாடளாவிய கட்டமைப்பை அந்த வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக 2024ல் அரசாங்கம் அறிவித்தது. ஆனால், பெரும்பாலான டாக்குகளில் உள்ள இணையத் துளை 1 கிகாபிட். சற்று விலை கூடியவற்றில் 2.5 கிகாபிட். வீட்டில் வேகமான சேவை எடுத்துவிட்டு 1 கிகாபிட் டாக்கைச் செருகினால், அந்த மேசைக்கு வந்துசேர்வது 1 கிகாபிட்டே.

இன்னொரு விந்தையான சிக்கலும் உண்டு. கம்பியில்லாச் சுட்டியின் சிறிய வாங்கியை டாக்கில் செருகினால், சில நேரங்களில் சுட்டி விட்டுவிட்டு வேலை செய்யும். யுஎஸ்பி 3.0 இணைப்பு இயங்கும்போது எழும் மின்காந்த இரைச்சல், அந்தச் சுட்டி பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுவதே காரணம். 2012லேயே இன்டெல் இதை விளக்கி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. தீர்வு எளிது. சிறிய நீட்டிப்புக் கேபிள் ஒன்றை வாங்கி, வாங்கியை டாக்கிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

பல கணினி, ஒரு டாக்

எங்கள் வீட்டைப்போல ஒரே மேசையில் பலர் உட்காரும்போது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக எது ஒத்துவரும் என்று பார்ப்பதே அறிவுடைமை. தண்டர்போல்ட் 4 டாக், தண்டர்போல்ட் இல்லாத யுஎஸ்பி-சி கணினியிலும் வேகம் குறைத்து இயங்கும். ஆனால், பழைய தண்டர்போல்ட் 3 டாக்குகள் சில அப்படி இயங்குவதில்லை. பயன்படுத்திய பொருள்கள் விற்கும் தளங்களில் மலிவாகக் கிடைக்கிறது என்று அவற்றை வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பொதுவாக டாக் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்கே ஊழியம் செய்யும். அலுவலகக் கணினி, சொந்தக் கணினி இரண்டையும் ஒரே சமயத்தில் இணைத்து, பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ள விரும்பினால், ‘கேவிஎம்’ எனப்படும் மாற்றுவசதி கொண்ட கருவியைத் தேட வேண்டும். சில திரைகளிலேயே இந்த வசதி உண்டு. ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்காரும் வீட்டுக்கு அது தேவையில்லை, கேபிளை மாற்றினால் போதும்.

கேபிளைப் பிடுங்கும் முன்

அந்தக் கேபிளை மாற்றுவதில்தான் நான் பெரிய தவறு செய்தேன்.

மகள் தன் திட்டப்பணிக்காக என் அம்மாவை 2 நாள் பேட்டி எடுத்திருந்தாள். கம்பத்து வீடு, ஆற்றங்கரை, வீவக வீட்டுக்குக் குடிமாறிய முதல் இரவு என்று பாட்டி பேசிய எல்லாம் அதில் இருந்தது. கேமரா அட்டையிலிருந்து வெளி வன்தட்டுக்குக் கோப்புகளை நகர்த்த விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். காலையில் நான் வந்து பார்த்தபோது திரை கறுத்திருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்கி என் கணினியில் செருகினேன். “இந்த வட்டைப் பயன்படுத்த, முதலில் அதை வடிவமைக்க வேண்டும்” என்றது கணினி.

மூன்று கணினிகளிலும் படிக்க வேண்டும் என்பதற்காக அந்த வன்தட்டை ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் அமைத்திருந்தோம். விண்டோசும் மேக்கும் அதைப் படிக்கும், எழுதும். ஆனால், எழுதிக்கொண்டிருந்த வேலை பாதியில் அறுந்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் குறிப்பேடு அதில் கிடையாது. விண்டோஸ், மேக் கணினிகள் தமக்கெனப் பயன்படுத்தும் முறைகளில் அந்தப் பாதுகாப்பு உண்டு.

மீட்பு மென்பொருளால் பாதி கிடைத்தது. மீதிக்காக அம்மா மறுபடி உட்கார்ந்து பேசினார். “அதுக்கென்னம்மா, திரும்பச் சொல்றேன்” என்றார் பேத்தியிடம். சொன்னார். ஆனால், முதல்முறை சிரித்த இடத்தில் இரண்டாம்முறை சிரிக்கவில்லை.

டாக்கின் பெரிய வசதி, எல்லாமே ஒரே கேபிளில் தொங்குவது. அதன் பெரிய ஆபத்தும் அதுவே. அந்தக் கேபிளைப் பிடுங்குவது வன்தட்டையும் சேர்த்துப் பிடுங்குவதுதான். திரை கறுத்திருந்தாலும் பின்னால் வேலை நடந்துகொண்டிருக்கலாம். முதலில் வன்தட்டைக் கணினியில் முறைப்படி விடுவித்துவிட்டு, பிறகு கேபிளைத் தொடுங்கள். முக்கியமான கோப்புகளை நகர்த்தாதீர்கள், நகலெடுங்கள். இரண்டாவது பிரதி திறந்து பார்க்கும் நிலையில் இருப்பதை உறுதிசெய்த பிறகே மூலத்தை அழியுங்கள்.

கடைக்குப் போகும்முன்

ஒரு தாளில் இந்த 6 கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொண்டு போங்கள்.

1. மடிக்கணினியின் யுஎஸ்பி-சி துளை எந்த வகை? பக்கத்தில் மின்னல் அடையாளம் உண்டா? கணினியின் விவரத்தாளில் திரை, மின்னூட்டம் இரண்டுக்கும் ஆதரவு உண்டா?

2. எத்தனை திரைகள்? அவை முழு எச்டியா, 4கேயா? டாக் அத்தனை திரைகளையும் ஒரே நேரத்தில் விநாடிக்கு 60 முறை என்ற அளவில் காட்டுமா? “4கே” என்று மட்டும் போட்டிருந்தால் 30ஆ, 60ஆ என்று கேளுங்கள்.

3. விண்டோசா, மேக்கா? மேக் என்றால் அந்தச் சில்லு எத்தனை வெளித்திரைகளை ஏற்கும்?

4. கணினிக்கு எத்தனை வாட் வேண்டும்? டாக் கணினிக்குக் கொடுப்பது எவ்வளவு?

5. வெளி வட்டு எஸ்எஸ்டியா, சுழலும் தட்டா? வீட்டு இணையத்தின் வேகம் என்ன?

6. மேசையைப் பகிர்பவர்களின் எல்லாக் கணினிகளுக்கும் அது ஒத்துவருமா? ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

ஒரு முழு எச்டி திரை, விசைப்பலகை, சுட்டி மட்டும் என்றால் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் சிறிய இணைப்பானே போதும். ஒரு 4கே திரையும் ஒரு வன்தட்டும் என்றால் டிஸ்பிளேபோர்ட் 1.4, 10 கிகாபிட் தரவு, சொந்த மின்னூட்டி ஆகிய மூன்றும் கொண்ட யுஎஸ்பி-சி டாக் போதும். இரண்டு 4கே திரைகளோடு வேகமான எஸ்எஸ்டியும் வேண்டும் என்றால்தான் சில நூறு வெள்ளி விலையுள்ள 40 கிகாபிட் டாக் தேவை. தண்டர்போல்ட் 5, உங்கள் கணினியிலும் அது இருந்து, மிகப் பெரிய காணொளிக் கோப்புகளோடு வேலை செய்பவர்களுக்கானது. மற்றவர்கள் பணத்தை மிச்சப்படுத்தி இரண்டாவது வன்தட்டு வாங்கலாம்.

எங்கள் மேசையில் இப்போது 40 கிகாபிட் டாக் ஒன்று இருக்கிறது. மனைவியின் பேட்டரி ஏறுகிறது. மகளின் 2 திரைகளிலும் வெவ்வேறு படம் வருகிறது. தண்டர்போல்ட் இல்லாத என் பழைய மடிக்கணினியிலும் சுட்டி ஒழுங்காக ஓடுகிறது. அதில் இருப்பது 9 துளைகள்தான்.

அதன் கேபிள் முனையில் மகள் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டியிருக்கிறாள். “பிடுங்கும் முன் கேட்கவும்” என்று எழுதியிருக்கிறது. இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.